சோம்பேறிப் பெண்களின் படகு

இரண்டு ஆண்கள் விடுமுறையைக் கழிக்க ஒரு படகை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தின் கால்வாயொன்றில் போகிறார்கள். ஜான், கிளிஃபர்ட் என்று பெயர். கிளம்பியதிலிருந்தே எதுவும் சரியாக அமையவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போகிறது. வழியில், கரையோரம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார்கள். ஷாரன் என்கிறாள். யார், எவர் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. படகில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வேளைக்குச் சாப்பாடு வருகிறது. அறை துப்புரவாகிறது. நண்பர்களின் சண்டை ஓய்கிறது. வரைபடத்தில் இல்லாத ஒரு கிளைக் கால்வாயில் படகைத் திருப்புகிறார்கள். ஊர் எங்கே என்று கேட்டால் இன்னும் மூன்று மைல் என்கிறார்கள். மூன்று மைல் போனாலும் ஊர் வருவதில்லை. கடைசியில் ஷாரனைக் காணோம். கால்வாய் விரிந்து கரையே இல்லாத தண்ணீராகிவிடுகிறது.

எலிசபெத் ஜேன் ஹோவர்ட் எழுதிய ‘த்ரீ மைல்ஸ் அப்’ கதை இது. அவரும் ராபர்ட் ஐக்மனும் ஆளுக்கு மூன்று கதைகள் எழுதி 1951இல் வெளியிட்ட ‘வி ஆர் ஃபார் த டார்க்’ தொகுப்பில் வந்தது. பேய்க்கதைப் பிரியர்கள் இன்றும் விடாமல் வாசிக்கும் கதை. அவர்கள் பேசுவதெல்லாம் அந்தக் கடைசித் தண்ணீரைப் பற்றித்தான். எனக்கோ அதைவிட முந்தைய பக்கங்களின் சாப்பாடுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. பேய் என்றால் பயமுறுத்த வேண்டும். இந்தப் பேய் சமைக்கிறது, பாத்திரம் கழுவுகிறது, இரண்டு ஆண்களைச் சமாதானப்படுத்துகிறது. அவளுக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, கூலியும் இல்லை. அவள் இல்லாதபோது படகு ஓடவில்லை. இருக்கும்போது அவள் யாரென்று தெரிந்துகொள்ளும் தேவையே அந்த இருவருக்கும் தோன்றவில்லை.

ஹோவர்ட் இதை வெறும் கற்பனையிலிருந்து எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. கைவிடப்பட்ட கால்வாய்களை மீட்பதற்காக 1946இல் தொடங்கப்பட்ட உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தில் அவர் பகுதிநேரச் செயலாளர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஐக்மன், இன்னொருவர் எல்.டி.சி. ரோல்ட். கால்வாய் வாழ்க்கையை ஆண்கள் ஒரு கனவாகக் கட்டிக்கொண்டிருந்த அறையில், அலுவலக வேலையைச் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். ஐக்மனும் ரோல்ட்டும் பின்னால் சண்டையிட்டுப் பிரிந்தார்கள். ஜானும் கிளிஃபர்டும் அவர்கள்தானா என்று ஆராய்வது எனக்கு அலுப்பு. ஷாரன் எந்தப் பெண்களின் நிழல் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

இந்தக் கேள்விக்குள் நான் வந்து சேர்ந்தது வேறொரு வழியாக. தமிழ் வகுப்பில் வருஷாவருஷம் அகத்திணை நடத்துகிறேன். பாலையில் அவன் பிரிந்து போவான், முல்லையில் அவள் காத்திருப்பாள். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியர் சூத்திரமே செய்து வைத்திருக்கிறார். (உடன்போக்கு உண்டே என்பார்கள். அது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.) ஆகவே வீடே நகரும் ஒரு வாழ்க்கை, அதில் சுக்கான் பிடிக்கும் பெண்கள் என்றதும் என் மனம் துள்ளியது. காத்திருக்க ஒரு வாசல் வேண்டும். வாசலும் சேர்ந்து பயணம் போனால் யார் யாருக்குக் காத்திருப்பது? இந்த உற்சாகத்தில்தான் நேரோபோட் பற்றிய புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். உற்சாகம் சீக்கிரமே கலைந்தது. வீடு நகர்ந்தால் வீட்டு வேலையும் கூடவே நகர்கிறது.

நேரோபோட் என்பது ஏறக்குறைய ஏழடி அகலமும் எழுபதடி நீளமும் கொண்ட படகு. இந்த விசித்திர உடம்புக்குக் காரணம் ‘லாக்’. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படகை இறக்க இரண்டு முனையிலும் கதவு போட்ட ஒரு தொட்டி கட்டுவார்கள். படகு உள்ளே வந்ததும் தண்ணீரை வடிப்பார்கள். ஏற்றுவதற்குத் தண்ணீரை நிரப்புவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மத்திய இங்கிலாந்தில் இந்தத் தொட்டிகளைக் குறுகலாகத் திட்டமிட்டார். படகும் அந்த அளவுக்கு ஒடுங்கியது. நிலக்கரியும் இரும்பும் தானியமும் இவற்றில்தான் போய்வந்தன. முதலில் குதிரை இழுத்தது, பின்பு எஞ்சின் வந்தது.

எழுபதடியில் பெரும்பகுதி சரக்குக்கு. குடும்பத்துக்குக் கிடைத்தது பின்முனையில் பத்தடி நீளத்துக்கும் குறைவான ஓர் அறை. அதற்குள் கரியடுப்பு, மடித்து வைக்கும் மேசை, அலமாரிக்குள் மடங்கும் கட்டில், பக்கவாட்டில் இன்னொரு படுக்கைப் பலகை. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இதற்குள். ரயில் வந்ததும் கால்வாய்ச் சரக்குக்கான கட்டணம் சரிந்தது. கரையில் ஒரு வீட்டுக்கு வாடகையும் படகில் ஓர் ஆளுக்குக் கூலியும் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. குடும்பங்கள் படகேறியதற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. பொருளாதார மொழியில் இதைக் குடும்பப் படகு என்பார்கள். மனைவி கூலியில்லாத ஆள் ஆனாள் என்று நேராகவே சொல்லலாம்.

எஞ்சின் வந்த பிறகு படகுகள் ஜோடியாகப் போயின. முன்னால் எஞ்சின் படகு, பின்னால் அது இழுத்துவரும் எஞ்சின் இல்லாத படகு. பின்னால் வருவதற்கு ‘பட்டி’ என்று பெயர். நம் ஊர் ஆட்டுப்பட்டி அல்ல, அங்கத்திய வட்டாரப் பேச்சில் கூட்டாளி என்று பொருள். பெரும்பாலும் பட்டியில் சுக்கான் பிடித்தவள் மனைவி. அடுப்பும் அங்கேதான். ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டாள். நடக்கப் பழகும் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்க, கூரைமேல் புகைபோக்கியோடு சேர்த்துக் கட்டிவைப்பதும் உண்டு. லாக் வந்தால் கரையில் குதித்துக் கதவைத் தள்ள வேண்டும். கரையில் தொட்டி போட்டுத் துணி துவைக்க வேண்டும். பேறும் பல நேரம் அந்த அறையிலேயே. சரக்கின் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கிடைத்த பணமோ கேப்டனுடைய கணக்கில். கேப்டன் கணவன். கூட்டாளி என்ற பெயர் படகுக்கு இருந்தது, கணக்குப் புத்தகத்தில் அந்தக் கூட்டாளி இல்லை.

இந்தப் பெண்களை வெளியிலிருந்து பார்த்து எழுதிய இரண்டு ஆண்கள் முக்கியமானவர்கள். 1875இல் கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் ‘அவர் கெனால் பாப்புலேஷன்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது அழுக்கு, குடி, ஒழுக்கக்கேடு. ஒரே அறையில் ஆணும் பெண்ணும் படுப்பது அவரைத் தூங்கவிடவில்லை. அவருடைய கூச்சலால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. படகுகள் பதிவாயின, ஓர் அறையில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் சட்டம் பேசியது. நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தாயின் ஒழுக்கத்தை அளந்த அந்த மனிதருக்கு அவளுடைய கூலியை அளக்கத் தோன்றவில்லை. சீர்திருத்தக்காரர்களிடம் இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

இன்னொருவர் ரோல்ட். 1939 கோடையில், போர் தொடங்கப்போகும் நேரத்தில், மனைவி ஆஞ்சலாவுடன் ‘கிரெஸ்ஸி’ என்ற படகில் கிளம்பினார். அந்தப் பயணத்தைச் சொல்லும் ‘நேரோபோட்’ 1944இல் வெளிவந்தது. கால்வாய்களின் மீட்சிக்கே அந்தப் புத்தகம்தான் விதை. அதைப் படித்துத்தான் ஐக்மன் அவரைத் தேடிப் போனார். அழகான உரைநடை. யந்திர நாகரிகம் அழித்துக்கொண்டிருந்த ஒரு கைத்தொழில் வாழ்க்கையை அவர் உருகி உருகி எழுதுகிறார். கூரைமேல் வைக்கும் தண்ணீர்க் கேன்களில் ரோஜாவும் கோட்டையும் வரைந்திருக்கும். அறைக்குள் பித்தளை மின்னும், சுவரில் லேஸ் விளிம்பு வைத்த தட்டுகள் தொங்கும். ஸ்மித் அழுக்கைக் கண்ட அதே அறையில் ரோல்ட் அழகைக் காண்கிறார். படிக்கும்போது எனக்கு ஆசையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் யோசனை வந்தது. கரி ஏற்றிய படகில், மழையில், புகையில், அந்தப் பித்தளையைத் தினமும் துலக்கியது யார்? அழுக்கைச் சொன்னவருக்கும் அழகைச் சொன்னவருக்கும் நடுவில் ஒரு பெண் துணியும் கையுமாக நின்றுகொண்டிருக்கிறாள். இருவருமே அவளைத் தாண்டித்தான் அறையைப் பார்க்கிறார்கள்.

பெண்கள் எழுதிய படகு நூல்கள் போரின் பிள்ளைகள். 1942 முதல், ஆள் பற்றாக்குறையால், கிராண்ட் யூனியன் கால்வாயில் சரக்குப் படகோட்டப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜோடிப் படகு. லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு உலோகம், திரும்பும்போது கவென்ட்ரிப் பக்கத்திலிருந்து நிலக்கரி. சுமை ஏறக்குறைய ஐம்பது டன். அவர்களுக்குக் கொடுத்த வில்லையில் ஐ, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. உள்நாட்டு நீர்வழிகள் என்பதன் சுருக்கம். அதைச் ‘சோம்பேறிப் பெண்கள்’ என்று கேலிக்காரர்கள் விரித்தார்கள். சூசன் வுல்ஃபிட் 1947இல் வந்த தன் நூலுக்கு அந்தக் கேலியையே தலைப்பாக வைத்தார். பயிற்சியாளர் எய்லி கேஃபோர்டின் நூல் 1973இல் வந்தது. என்னைக் கவர்ந்தது எம்மா ஸ்மித்தின் ‘மெய்டன்ஸ் ட்ரிப்’ (1948).

எம்மா 1923இல் பிறந்தவர், படகேறியபோது வயது இருபது. பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கி, மூன்று பெண்களின் கதையாகச் சொல்கிறார். பெண்களின் உடலைப் பற்றி அந்தக் காலத்தில் இப்படி ஒரு புத்தகம் வந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். அழகு பற்றியோ காதல் பற்றியோ எழுதாமல் பசியைப் பற்றி எழுதுகிறார். எந்நேரமும் பசி. ஈரம், சேறு, கை காய்ப்பு, குளிக்காத நாட்கள், எதற்கும் உதவாத சண்டைகள். படகு சேற்றில் சிக்கினால் கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். ஒருத்தி சைக்கிளில் முன்னால் விரைந்து அடுத்த லாக்கைத் தயார் செய்கிறாள். ஷாரன் சமைத்ததற்கு நேர் எதிர் இது: மூன்று பெண்கள், யாருக்கும் பரிமாறவில்லை. தங்களுக்கே தின்றார்கள், தங்களுக்கே அழுக்கானார்கள். உழைப்பில் ஒரு குதூகலம் இருக்கிறது, அது பொய்யில்லை. வீட்டை விட்டு முதன்முதலாக விடுதிக்கு வரும் என் மாணவிகள் முகத்தில் அதன் சாயலைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இந்தக் குதூகலத்துக்கு ஒரு விலைச்சீட்டு உண்டு. எம்மாவும் தோழிகளும் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம். அவர்களுக்கு ஆளுக்கொரு கூலி தனித்தனியாக இருந்தது. பக்கத்துப் படகில் பிறந்து வளர்ந்து, அதே வேலையை இன்னும் திறமையாகச் செய்துகொண்டிருந்தவளுக்கு அது இல்லை. போரின் ஓராண்டில் வந்து சேர்ந்தவள் உழைப்பாளியாகப் பதிவானாள், தலைமுறையாக உழைத்தவள் மனைவியாகவே இருந்தாள். ‘மெய்டன்ஸ் ட்ரிப்’ நூலில் படகுப் பெண்கள் ஓரத்தில் வருகிறார்கள், கடந்து போகிறார்கள். அவர்களை எழுதிவிட்டதாக எம்மா பாவனை செய்யவில்லை. நான் மதிக்கும் நேர்மை அது. எழுத்தாளராக அவருக்குப் பாதைகள் திறந்தன. 1946இல் ஓர் ஆவணப்படக் குழுவோடு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தார், அந்த இந்தியப் பயணம் ‘த ஃபார் க்ரை’ நாவலானது. அதே கால்வாயில் அவரைக் கடந்துபோன பெண்ணோ தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவளாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். படகு ஓரிடத்தில் நில்லாததால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. சட்டம் சொன்னது சட்டத்திலேயே இருந்தது.

அப்படியானால் விமர்சகி எதை வாசிப்பது? புத்தகம் எழுதாதவளுக்குப் பிரதி இல்லை என்று மூடிவிட்டுப் போவது சுலபம். நான் அந்தப் படகில் ஏறியதில்லை, நூல்களும் படங்களும்தான் எனக்கு வழி. படங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது பின்னல் வேலையை. அறையின் திரைகளிலும் அலமாரி விளிம்பிலும் வெள்ளைக் குரோஷா. படகு இழுக்கும் குதிரையின் காதில் ஈ மொய்க்காமலிருக்கப் பின்னிய குல்லாய்கள். கொசுவம் கொசுவமாக மடித்துத் தைத்து, கழுத்தின் பின்புறம்வரை தொங்கும் பெண்களின் தலைக்கவசத் தொப்பிகள். ஆண்கள் இடுப்பில் கட்டும் பட்டைகளில் சிலந்திவலை வடிவில் பூத்தையல். ரோஜாவும் கோட்டையும் பெரும்பாலும் படகுத்துறை ஓவியர்களின் கைவேலை. அந்த ஓவியர்கள் சிலரின் பெயர் பதிவாகியிருக்கிறது, ஆராய்ச்சி நடக்கிறது. குரோஷாவுக்கு அப்படி இல்லை. ஒன்று கலை, மற்றது பொழுதுபோக்கு. இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதா என்ன? கோலத்தைப் பற்றி நம் கலை வரலாறுகள் எத்தனை பக்கம் எழுதியிருக்கின்றன?

இங்கே ஓர் எச்சரிக்கையை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பின்னலைப் பிரதி என்று கொண்டாடுவதும் ரோல்ட்டின் வேலையைத்தான் வேறு பெயரில் செய்வதாகிவிடலாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது என் வாசிப்பு அல்ல. எழுத்து, கூலி, பேறுகாலத்தில் ஒரு நிலையான கட்டில். இதைப் புரிந்து நடந்தவர் சோனியா ரோல்ட் என்று நினைக்கிறேன். நடிகையாக இருந்து போர்க்காலத்தில் படகேறியவர். மற்றவர்கள் திரும்பிப் போனபோது அவர் தங்கினார். ஒரு படகுக்காரரை மணந்தார். படகுக் குடும்பங்களின் நிலைமைக்காகத் தொழிற்சங்கத்தில் பேசினார். பின்னால் எல்.டி.சி. ரோல்ட்டின் இரண்டாம் மனைவியாகி, 2014இல் இறந்தார். கவென்ட்ரிக்கு அருகிலுள்ள ஹாக்ஸ்பரி சந்திப்பில், ராபர்ட் லாங்டன் என்ற தொழிலாளி 1940களின் இறுதியில் எடுத்த படகுமக்கள் படங்களுக்கு அவர் உரை எழுதி, 1997இல் ‘எ கெனால் பீப்பிள்’ வந்தது. நான் முதலில் வாங்கச் சொல்வது இந்தப் புத்தகத்தைத்தான். உடன் வாழ்ந்தவர் பக்கத்தில் நின்று சொல்லும் குரல் அதில் இருக்கிறது. பரிதாபமும் இல்லை, ஆராதனையும் இல்லை. படங்களில் பெண்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். வேலையை நடுவில் நிறுத்திவிட்டு வந்த பார்வை, சீக்கிரம் எடுத்து முடி என்பதுபோல.

இன்றைய படகு எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. சரக்கு போய்விட்டது, சரக்கு இருந்த இடத்தில் சமையலறையும் குளியலறையும் வந்துவிட்டன. ஆன் யங்சனின் ‘த்ரீ விமன் அண்ட் எ போட்’ நடுவயதுப் பெண்களுக்கு ஒரு படகைக் கொடுத்து அனுப்புகிறது. இதமான நாவல். ஜெரோமின் மூன்று ஆண்களுக்குத் தலைப்பிலேயே ஒரு குட்டு. ஹெலன் பாப்ஸின் ‘அட்ரிஃப்ட்’ (2016) கூடுதல் கனமானது. லண்டன் கால்வாய்களில் படகை நகர்த்தி நகர்த்தி வாழும் ஒரு பெண்ணின் பதிவு. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. லண்டன் வாடகையைக் கொடுக்க முடியாமல் படகேறுகிறவர்கள் பலர். தண்ணீர் பிடித்து நிரப்ப வேண்டும், கழிவறைத் தொட்டியைத் தானே காலி செய்ய வேண்டும், இரண்டு வாரத்துக்கொருமுறை அண்டை வீட்டார் மாறுவார்கள். தனியாக வாழும் பெண்ணுக்கு இது விடுதலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பள்ளி செல்லும் பிள்ளை வைத்திருக்கும் பெண்ணுக்கு அதே பதினான்கு நாள் வேறு கணக்கு. அவளுடைய புத்தகத்துக்காக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஹோவர்டின் கதைக்கே திரும்புகிறேன். ஷாரன் மறைவதை வாசகர்கள் தண்டனையாக வாசிக்கிறார்கள்: ஆண்கள் அறியாத பாதையில் போனார்கள், மாட்டிக்கொண்டார்கள், அவள்தான் இழுத்துப்போன மோகினி. மோகினி என்ற சொல்லை நாமும் எத்தனை சுலபமாக எடுத்துவிடுகிறோம். எனக்கு அந்த முடிவு வேறு மாதிரி தெரிகிறது. வேலை முடிந்தது, அவள் இறங்கிவிட்டாள். மிச்சமிருப்பது, சமைக்கத் தெரியாத இரண்டு பேரும் கரை தெரியாத தண்ணீரும். ஹோவர்டின் புத்தகம் வெளிவந்த அதே 1951இல், பன்னிரண்டு வருஷப் படகு வாழ்க்கைக்குப் பிறகு, ஆஞ்சலா ரோல்ட் கிரெஸ்ஸியை விட்டு இறங்கினார். கரையில் வீடு தேடிப் போகவில்லை. ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்த பில்லி ஸ்மார்ட் சர்க்கஸில் போய்ச் சேர்ந்தார்.